மஞ்சள் பிசிறு

"அழணுமா, திட்டணுமா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்கிற குரலில் அந்தப் பெண் இதைச் சொன்னாள். ஓடிப்போன மாப்பிள்ளை, ஏமாற்றிய பங்காளி, தொலைந்த நாய் என்று எங்கள் துப்பறியும் அலுவலகம் பார்க்காத வழக்கு இல்லை. நாய் வழக்கில் நாய்தான் எங்களைக் கண்டுபிடித்தது, அது வேறு கதை. ஆனால் தனக்கு எந்த உணர்ச்சி பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு இதுவரை யாரும் படியேறியதில்லை.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டீச்சர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவர் அல்ல. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியக் கடை விரித்தவர். அவர் ஒரு பார்வை பார்த்தால் எதிராளி தானாகவே எழுந்து நின்றுவிடுவான். அதனால் வந்த பெயர். நான் அவருடைய உதவியாளன். நிறுத்துகிற பொத்தான் எனக்கு இல்லை என்பதால் என்னை அவர் ரேடியோ என்று கூப்பிடுவார். சம்பளக் கவரின் மேலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். குளிர்ப்பதனக் கிடங்கு ஒன்றின் அடித்தளத்தில் வெப்பநிலை பார்க்கும் வேலை. கூடவே கொழுந்தன் வந்திருந்தான், கணவனின் தம்பி. கடைகளிலும் மருத்துவமனைகளிலும் விளம்பரத் திரைகளைச் சுவரில் மாட்டிக்கொடுப்பவன். அண்ணி பேசும்போதெல்லாம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதை சுருக்கமானதுதான். அவள் கணவன் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அசையும் எழுத்துகள் செய்கிறவன். திரைகளில் ஓடுமே, 'வருக', 'தள்ளுபடி', 'அடுத்த டோக்கன்', அந்த மாதிரி எழுத்துகள். ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு மாலை அவன் வீடு திரும்பவில்லை. மறுநாள் அவன் ஸ்கூட்டர் ஆற்றங்கரைச் சாலையில் பூட்டியபடி நின்றது. போன் அணைந்திருந்தது. போலீஸ் படகு போட்டுத் தேடியது. மூன்றாம் நாள் காலை மனைவியின் போனில், அவனுடைய கணக்கிலிருந்தே, ஒரு ஜிஃப், அசையும் படம், வந்தது. 'நலம்' என்ற எழுத்து மெல்ல எழுந்து, அசைந்து, மறைந்து, மறுபடி எழுந்தது.

அன்று மத்தியானமே படகுகள் கரையேறிவிட்டன. ஆள் உயிரோடுதான் இருக்கிறான், பெண்டாட்டி பிடிக்காமல் போயிருக்கிறான், இதற்கெல்லாம் ஆறு என்ன செய்யும் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு எழுத்து வருகிறது. இவள் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுப் பதில் போடுகிறாள். அதற்குப் பதில் இல்லை.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒண்ணும் நினைக்க வரலை மேடம். செத்துட்டார்னா அழணும். விட்டுட்டுப் போயிட்டார்னா திட்டணும். ரெண்டுல எதுன்னு தெரியாம சும்மா இருக்கேன். வேலைக்குப் போறேன், சமைக்கிறேன். கையில சூடு பட்டாக்கூட கொஞ்சம் லேட்டாத்தான் தெரியுது."

நான் சூழலை லேசாக்க நினைத்து, 'நலம்' என்று சொல்வதற்கு இந்த எழுத்து இவ்வளவு ஆட்டம் ஆட வேண்டுமா என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அன்று அதுகூட வரவில்லை. அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

டீச்சர் அவள் போனை வாங்கிப் பழையவற்றையும் புதியவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். கணவன் காணாமல் போவதற்கு முன்பும் தினமும் அனுப்பியிருக்கிறான். 'குடை எடு.' 'சாப்பிட்டியா?' 'கையுறை மறக்காதே.' கிடங்கின் அடித்தளத்தில் சிக்னல் உயிரை விடும், பேச்சு எடுபடாது, கையுறையோடு தட்டவும் முடியாது. அதனால் படம் பட்டென்று திறக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்து அனுப்புவானாம்.

"இப்ப வர்றதும் பட்டுன்னு திறக்குதா?"

"இல்ல மேடம். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். மேல ஏறி வந்தாத்தான் திறக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள். "அப்புறம், இது விக்கல் வந்த மாதிரி விக்குது. அவர் செஞ்சது விக்காது."

டீச்சர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். 'சாப்பிட்டியா?' எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. 'நலம்' ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கணம் தடுக்கியது. வாசற்படி இருப்பது தெரியாமல் கால் வைக்கிறவன் தடுக்குவானே, அந்த அளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. அவள் போனில் அரட்டைப் பக்கத்தின் பின்னணி அடர்த்தியான அரக்கு நிறம். அதன்மேல் பழைய எழுத்துகள் வெட்டி ஒட்டியதுபோல் சுத்தமாக நின்றன. புதிய எழுத்துகளைச் சுற்றி மட்டும் மெல்லிய மஞ்சள் பிசிறு ஓடியது. பின்னணியை எப்போதாவது மாற்றினாயா என்று டீச்சர் கேட்டார். போன் வாங்கிய நாளிலிருந்து இதே அரக்குதான் என்றாள் அவள்.

ஒரு படத்தை எங்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு டீச்சர் அவர்களை அனுப்பிவைத்தார்.

*

ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது. ரப்பர் நாற்றம் படியேறி வந்து எங்களுக்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தது. மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்றின்மேல் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். அது யாருடையது என்று கேட்கத் தேவையில்லை.

முதலாளி கழுத்துப் பட்டை கட்டிய பருத்த மனிதர். தலையைத் திருப்ப முடியாததால் பேசும்போது நாற்காலியோடு திரும்புவார். காணாமல் போனவனுக்கு அங்கே கஞ்சன் என்று பெயராம். கைக் காசில் அல்ல, கலரில். ஒரு படத்துக்கு இருநூற்றுச் சொச்சம் கலர் வரை வைத்துக்கொள்ளலாம். கஞ்சன் ஏழெட்டில் முடித்துவிடுவான். எழுத்துக்கு நிழல் கூடாது, சாயம் மங்கி மங்கிப் போகக் கூடாது, அசையாத இடத்தைத் திரும்பத் திரும்பச் சேமிக்கக் கூடாது. கடைசியில் படம் கடுகளவு இருக்கும், பார்த்தால் குறையே தெரியாது.

"அவர் போனதுலேர்ந்து எங்க படமெல்லாம் குண்டாயிடுச்சுங்க" என்றார் முதலாளி.

நான் அவர் வயிற்றைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

டீச்சர் விக்கலைக் காட்டினார். முதலாளி நாற்காலியோடு முன்னால் வந்து பார்த்துவிட்டு, இது இந்த ஆபீசில் எல்லோருக்கும் வருகிற வியாதி என்றார். வரிசையாக ஓடும் பல படங்கள்தான் இந்த அசைவு, எழுத்து கிளம்பின இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அதனால் கடைசிப் படமும் முதல் படமும் ஒன்றாகவே இருக்கும். அப்படியே விட்டால் சுற்றும்போது அதே படம் இரண்டு முறை வரும், கண் தடுக்கும். எக்ஸ்போர்ட் செய்து முடிந்த கோப்பாக எடுக்கும் முன் கடைசிப் படத்தை வெட்டிவிட வேண்டும். அந்த ஒன்றை வெட்டுங்கடா என்று கஞ்சன் தொண்டை வறளக் கத்துவானாம். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"அப்ப இதைச் செஞ்சது அவர் இல்லை" என்றார் டீச்சர்.

முதலாளி துண்டு போட்ட கம்ப்யூட்டரைப் பார்க்க நாற்காலியோடு திரும்பினார். அதில் கஞ்சனின் அரட்டைக் கணக்கு திறந்தபடியே இருக்கும், யாரும் மூடவில்லை என்று மெதுவாகச் சொன்னார். சாவி அவரிடம் ஒன்று, திரை மாட்டும் தம்பியிடம் ஒன்று. டிசைன் செய்யும் ஒரு பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

நான் டீச்சரின் காதருகே போய் என் முடிவைச் சொன்னேன். முதலாளிதான் ஆள். இரண்டு பேருக்கும் ஏதோ தகராறு, ஆற்றங்கரையில் வேலையை முடித்துவிட்டு, உயிரோடு இருப்பதுபோல் எழுத்து அனுப்புகிறார்.

"உன் ஊகத்தையும் கொஞ்சம் சுருக்கி அனுப்பு ரேடியோ. இவ்வளவு பெருசு என் தலையில திறக்காது."

பிறகு அவர் முதலாளியிடம், அன்று மாலை கஞ்சனுக்கு ஆற்றங்கரையில் என்ன வேலை என்று கேட்டார். அது அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கும் கடை ஒன்றுக்காக, எழுத்துக்குள் தண்ணீர் அசைகிற மாதிரி ஒரு வேலை வந்திருந்தது. தண்ணீரைச் சில கலரில் எப்படி அடக்குவது என்று கஞ்சன் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நேரில் போய்ப் பார்த்தால்தான் பிடிபடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கையில் வழக்கம்போல அந்தப் பேனா. திரையில் வரைகிற பேனா அது, பிடி வழுக்குகிறது என்று மருந்துக்கடைப் பிளாஸ்திரி சுற்றி வைத்திருப்பான், சட்டைப் பையை விட்டு இறங்காது.

இதைப் போலீசில் சொன்னீர்களா என்றார் டீச்சர். சொல்லலாம் என்று இருந்தபோதுதான் 'நலம்' வந்துவிட்டது, அப்புறம் சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன் என்றார் முதலாளி. அவர் குரலும் ஏதோ மரத்துப் போன மாதிரிதான் இருந்தது.

டீச்சர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் யாரோடோ பேசிவிட்டு வந்தார். டீ சொல்லத்தான் போனார் என்று நினைத்து நான் சர்க்கரை வேண்டாம் என்றேன். டீ வரவில்லை.

அந்த நேரத்தில் கொழுந்தன் ஒரு திரையைத் தோளில் சுமந்தபடி மேலே வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டு, திரையைச் சுவரோரம் பதமாக இறக்கினான்.

"கடைசியா ஒண்ணு" என்று முதலாளியிடம் மஞ்சள் பிசிறைக் காட்டினார் டீச்சர். "இது எப்படி வருது?"

இந்த வகைப் படத்தில் ஒரு புள்ளி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை, பாதி இருக்கிற புள்ளி கிடையாது என்றார் அவர். எழுத்தின் ஓரமோ வழவழப்பாக இருக்க வேண்டும். அதனால் படம் எந்த நிறத்தின்மேல் உட்காரப் போகிறதோ, அந்த நிறத்தை முன்கூட்டியே ஓரத்தில் கலந்துவிடுவார்கள். எதன்மேல் உட்காரும் என்று எக்ஸ்போர்ட் செய்யும்போதே கேட்கும். சரியான நிறம் கொடுத்தால் ஓரம் கண்ணுக்குத் தெரியாது. தப்பாகக் கொடுத்தால் பிசிறு தெரியும்.

"கஞ்சன் பெண்டாட்டிக்கு அனுப்புறதுக்கு அரக்குதான் கொடுப்பார். அவங்க போன் கலர் அவருக்கு மனப்பாடம்."

"அப்ப புதுசா செஞ்சவர் மஞ்சள் மேல வெச்சுப் பார்த்திருக்கார்" என்றார் டீச்சர். "ரேடியோ, அந்த 'நலம்' எல்லார் போனுக்கும் போகட்டும்."

அனுப்பினேன். என் போனின் பின்னணி பச்சை. எழுத்தைச் சுற்றி மஞ்சள் பிசிறு தெரிந்தது. முதலாளியின் போன் சாம்பல் நிறம், அதிலும் பிசிறு. கொழுந்தன் போனை எடுக்கவே இல்லை. டீச்சர் அந்தப் பார்வையைப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கும் வந்திருக்கும். திறந்து காட்டுங்க."

அவன் திறந்தான். அவன் அரட்டைப் பக்கத்தின் பின்னணி வெளிர் மஞ்சள். அதன்மேல் 'நலம்' எழுந்தது, அசைந்தது, மறைந்தது. ஒரு பிசிறும் இல்லை. அங்கிருந்த போன்களில் அவன் போனில் மட்டும்தான் அந்த எழுத்து சுத்தமாக நின்றது. நிறம் கேட்டபோதெல்லாம் தன் மஞ்சளையே கொடுத்து, செய்ததையெல்லாம் அவன் இந்தப் போனில்தான் சரிபார்த்திருக்கிறான். இங்கே குறையே தெரியாததால், அண்ணியின் போனில் குறை இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"இந்தக் கலரை அண்ணன்தான் வெச்சுக் கொடுத்தார். கண்ணு வலிக்காதுன்னு" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு கொலைகாரன் தயாராக இருந்தான். அண்ணனும் தம்பியும், ஆறும் இருட்டும் என்று அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். அவன் சொன்னது எதற்கும் அதில் இடமில்லை.

அண்ணன் வராத மூன்றாம் நாள் அது. அண்ணி ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு சொல் பேசவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவன் ஸ்டூடியோவுக்கு வந்து, அண்ணன் எப்போதோ சொல்லிக்கொடுத்ததை வைத்து, அவனுடைய பழைய கோப்பு ஒன்றைத் திறந்து எழுத்தை மட்டும் மாற்றி, அண்ணன் கணக்கிலிருந்தே அனுப்பினான். அண்ணன் எப்படியும் வந்துவிடுவான், அதுவரைக்கும் அண்ணி ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்பதுதான் நினைப்பு. அவள் சாப்பிட்டாள். மத்தியானம் படகுகள் கரையேறின.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் அனுப்பணும்னு நினைச்சேன். படகை நிறுத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் உண்மையைச் சொல்லப் போனா, என்னாலதான் தேடலைன்னு ஆயிடும். நிறுத்தினா அண்ணிக்குச் சந்தேகம் வரும். அதனால தினமும் ஒண்ணு."

"அண்ணன் வருவார்னு இன்னும் நினைக்கிறீங்களா?" என்றார் டீச்சர்.

அப்போது டீச்சரின் போன் அடித்தது. எடுத்து, கேட்டு, இரண்டு முறை 'ம்' என்றார். ஒரு கேள்விதான் கேட்டார்: பேனாவில் என்ன சுற்றியிருக்கிறது? பிறகு வைத்துவிட்டார்.

படிக்கட்டில் அவர் பேசியது ஆறு போகிற வழியில் இருக்கிற அரசு மருத்துவமனைகளோடு. ஒன்றின் குளிர் அறையில் ஆற்றில் எடுத்த ஓர் ஆள் இத்தனை நாளும் உரிமை கோர யாருமில்லாமல் கிடந்திருக்கிறான். கரை சரிந்து விழுந்தவன் போல, வேறு காயம் இல்லை. சட்டைப் பையில் பிளாஸ்திரி சுற்றிய பேனா. எடுத்த அன்றே அவர்கள் நம் காவல் நிலையத்தைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆள் தினமும் மெசேஜ் அனுப்புகிறான், உங்களிடம் இருப்பது வேறு யாரோ என்று பதில் போயிருக்கிறது.

கொழுந்தன் அங்கே கிடந்த காலித் திரைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தான். முதலாளி கழுத்துப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லிடவா?" என்றேன் நான். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இவர் சொல்லுவார்" என்று கொழுந்தனைக் காட்டினார் டீச்சர்.

*

கிடங்கில் லாரி வந்து நிற்கிற மேடையில் காத்திருந்தோம். பெரிய கதவு திறந்து புகைபோலக் குளிர் வந்தது, அதற்குப் பின்னால் கனத்த ஜாக்கெட்டில் அவள் வந்தாள். கையுறையைக் கழற்றாமலே எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள்.

கொழுந்தன் சொன்னான். வெட்டாமல் விட்ட கடைசிப் படத்தைக்கூட விடாமல், படகிலிருந்து பேனாவரை சொன்னான். லாரி டிரைவர் ஒருவர் நடுவில் குறுக்கே போக வேண்டியிருந்தது, அவர் போகும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எதுவும் மாறாதது எனக்குப் பயமாக இருந்தது.

"எத்தனை டிகிரியில வெச்சிருக்காங்க?" என்றாள்.

அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அவருக்குக் குளிர் ஆகாது. என்னைக் கூப்பிட வந்தாக்கூட இந்த மேடைக்கு வர மாட்டார். வெளியிலதான் நிப்பார்." பிறகு கேட்டாள். "அப்ப அவர் என்னை விட்டுட்டுப் போகலை?"

"தண்ணியைப் பார்க்கப் போனார்மா" என்றார் டீச்சர். "வேலைக்காக. அவ்வளவுதான்."

அவள் தலையை ஆட்டினாள். கையுறையைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜாக்கெட் பையில் செருகினாள். கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"அறிவு இருக்கா உனக்கு?" என்றாள். முதலில் சாதாரணக் குரல்தான். "ஒரு மாசமா அவரை அங்க தனியாப் போட்டு வெச்சிருக்கே. நான் இங்க அந்த மனுஷனை மனசுக்குள்ள என்னென்ன நினைச்சேன் தெரியுமா? யாரோட போனாரோன்னு நினைச்சேன்டா. உங்கண்ணனைப் போய் அப்படி நினைக்க வெச்சுட்டியே. அந்தக் கடைசிப் படத்தை வெட்டணும்னு அவர் எத்தனை தடவை உனக்குச் சொல்லிக் கொடுத்தார்? அதையாவது ஒழுங்கா..."

அந்த இடத்தில் குரல் தடுக்கியது. திரும்ப ஆரம்பித்தாள், திரும்பவும் அதே இடத்தில் தடுக்கியது. மூன்றாம் முறை திட்டு வரவில்லை. மேடையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல், கிடங்கு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். கொழுந்தன் அவள் காலருகே போய் உட்கார்ந்தான். அவள் அவன் தலையில் ஓர் அடி அடித்தாள், பிறகு அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

என் நாக்கில் ஒரு வார்த்தை வந்து நின்றது. ரேடியோவுக்கும் நிறுத்துகிற பொத்தான் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டும் வந்துடுச்சு" என்றார். "வா, போலாம்."